சரக்கை எண்ணுவதா, சிட்டையைப் புரட்டுவதா: நாஸ் நகலுக்கு ஆர்சிங்க்கும் இசட்எஃப்எஸ் சென்டும்

மதுரையில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றின் நாஸ் பெட்டியை, அதாவது எல்லோரும் நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டியை, நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை என்று சொல்ல முடியாது. முதலாளி எங்கள் தெரு அண்ணன். சம்பளம் மாலைக் காபி. பெட்டியில் 6 டெராபைட் இருக்கிறது. எடையில் பெரும்பகுதி வீடியோவும் கேமரா தரும் மூலப் படங்களும்தான். எண்ணிக்கையில் முந்துவதோ, படங்களை அடுக்கும் மென்பொருள் தனக்காகப் போட்டுவைத்துக்கொள்ளும் சின்னச் சின்ன முன்னோட்டப் படங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 38 லட்சம் கோப்புகள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் முடிவில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு மாறியபோது தேர்வு என்ற பேச்சே எழவில்லை. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமை பழையதில் ஈஎக்ஸ்டி4, புதியதில் இசட்எஃப்எஸ். இசட்எஃப்எஸ்ஸின் சொந்த நகல் கட்டளையான சென்ட் வேண்டுமானால் இரு முனையிலும் இசட்எஃப்எஸ் இருக்க வேண்டும். ஆகவே எந்தக் கோப்பு முறைமையிலும் ஓடும் நகல் நிரலான ஆர்சிங்க். 1 ஜிகாபிட் கேபிளில் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட் போகும். கணக்குப்படி 15 மணி நேரம். முன்னோட்டத் துணுக்குகளின் புண்ணியத்தில் 26 மணி நேரம் ஆனது. மறுநாள் இரண்டாவது ஓட்டம், இடையில் சேர்ந்ததை அள்ள. கடைசியாக, எல்லோரையும் வெளியேற்றிப் பகிர்வை மூடிவிட்டு மூன்றாவது ஓட்டம். அதில் கடத்துவதற்கு எதுவுமே இல்லை. ஆனாலும் 1 மணி 10 நிமிடம் ஓடியது. காபி டம்ளருடன் பின்னால் வந்து நின்ற அண்ணன் கேட்டார்: “எதுவும் மாறவில்லை என்கிறாய், பிறகு எதைத் தம்பி இவ்வளவு நேரம் ஓட்டுகிறாய்?”

சரியான கேள்வி. ஒரு வாரத்திலேயே அது தினசரிக் கேள்வியானது. ஸ்டூடியோவின் மாடியிலேயே அவர் வீடு. அங்கே இரண்டாவது இசட்எஃப்எஸ் பெட்டி ஒன்றை வைத்து, இரவுதோறும் கீழே இருப்பதை மேலே நகலெடுக்கத் தீர்மானித்தோம். இப்போது இரண்டு வழியும் திறந்திருந்தன. முதலில் பழகிய ஆர்சிங்க்கை நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு சென்டுக்கு மாறி ஒன்றரை ஆண்டாகிறது. முதல் நகலைப் பொறுத்தவரை இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன். ஒரு முறை நடக்கிற வேலை, விடியும்வரை ஓடட்டும் என்று விட்டுவிடலாம். வித்தியாசம் இரண்டாம் இரவில் தொடங்குகிறது.

ஆர்சிங்க்கை 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் வெளியிட்டார்கள். மெதுவான தொலைத்தொடர்பு இணைப்பில், ஒரு கோப்பின் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதுதான் அதன் புகழ்பெற்ற தந்திரம். ஆனால் எந்தக் கோப்பு மாறியது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. தானே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இரவும் 38 லட்சம் கோப்புகளின் அளவையும் மாற்றிய நேரத்தையும் இரு முனையிலும் படித்து ஒப்பிடுகிறது. மளிகைக் கடையில் இன்று என்ன விற்றது என்று தெரிந்துகொள்ள, இரவுதோறும் அலமாரி அலமாரியாகச் சரக்கை எண்ணுவது போன்ற வேலை. சுழலும் வட்டுகளில் இதற்குத்தான் அந்த 1 மணி 10 நிமிடம்.

இசட்எஃப்எஸ் அன்றாடச் சிட்டை எழுதும் கடை. தரவு பிளாக் பிளாக்காக, அதாவது துண்டு துண்டாக, எழுதப்படும். ஒவ்வொரு பிளாக்கின் இடத்தைக் காட்டும் சுட்டியிலும், அது எந்தப் பரிவர்த்தனைத் தொகுப்பில் (சேர்த்து எழுதப்பட்ட மாற்றங்களின் கட்டில்) பிறந்தது என்ற எண் பதிவாகிவிடும். பழைய பிளாக்கின் மேல் எழுதும் பழக்கமே கிடையாது. மாற்றம் புதிய இடத்தில் எழுதப்படும். அதைச் சுட்டும் மேல்நிலைப் பிளாக்குகளும் புதிதாகப் பிறக்கும். எனவே நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் (ஒரு நொடியின் நிலையை அப்படியே உறையவைத்த பதிவு) இன்றையதற்கும் என்ன வேறுபாடு என்று சென்டிடம் கேட்டால், இந்தச் சுட்டிகளின் மரத்தின் உச்சியிலிருந்து இறங்கி, நேற்றைக்கு முன் பிறந்த கிளை எதுவானாலும் அதை முழுதாகத் தாண்டிப் போய்விடுகிறது. அந்தக் கிளைக்குக் கீழே பத்துக் கோப்பா, பத்து லட்சம் கோப்பா என்று பார்ப்பதே இல்லை. எதுவும் மாறாத ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எங்கள் ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

இதன் இன்னொரு முகத்தை ஒரு தை மாதத்தில் பார்த்தேன். முகூர்த்தம் தொடங்கும் முன் ஸ்டூடியோவைச் சுத்தம் செய்கிற கையோடு, உதவியாளர் ஒருவர் நாஸையும் ஒழுங்குபடுத்திவிட்டார். முந்தைய ஆண்டின் கோப்புறை முழுவதையும் ‘முடிந்தவை’ என்ற புதிய கோப்புறைக்குள் இழுத்துப் போட்டிருந்தார். கீழே அது ஒரு நொடி வேலை. ஆர்சிங்க்குக்கோ, பழைய பாதையில் இருந்த 2 டெராபைட் காணாமல் போய்விட்டது, புதிய பாதையில் 2 டெராபைட் முளைத்திருக்கிறது. காலையில் நான் வந்தபோது அது அத்தனையையும் மறுபடி மேலே ஏற்றிக்கொண்டிருந்தது, கீழே எடிட்டர்கள் பெட்டி திணறுகிறது என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் மாறிய கோப்புகளைத் தேடிப் பொருத்தும் விருப்பங்கள் ஆர்சிங்க்கில் உண்டு; கோப்புறை கோப்புறையாக இடம் மாறும்போது அவற்றை நம்பி இறங்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. சென்டுக்கு மாறிய பின் அதே உதவியாளர் அதே வேலையை அடுத்த ஆண்டும் செய்தார். அன்றைய ஓட்டத்தில் அது சில மெகாபைட்டாகக்கூட இல்லை.

வேகத்தைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. கணக்கெழுதும் அக்கா தன் வரவுசெலவை வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளின் பெட்டகம் ஒன்றில் பூட்டி, நாஸில்தான் வைத்திருந்தார். அந்தப் பெட்டகம் வெளியே பார்க்க ஒரே கோப்பு. உள்ளே என்ன எழுதினாலும் அளவு மாறாது. மாற்றிய நேரத்தையும் முன்பிருந்தபடியே விட்டுவைப்பதுதான் வெராகிரிப்டின் இயல்புநிலை. அளவும் நேரமும் ஒத்துப்போனால் ஆர்சிங்க் அந்தக் கோப்பைத் தொடாது. நான்கு மாதமாக மாடியில் இருந்தது முதல் நாள் கணக்கு! ஒரு நாள் தற்செயலாகத் திறந்து பார்த்ததால் தப்பித்தோம். உள்ளடக்கத்தை முழுதாகப் படித்து ஒப்பிடும் விருப்பம் ஆர்சிங்க்கில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு இரு முனையிலும் 6 டெராபைட்டை இரவுதோறும் படிக்க வேண்டும். இரவு அவ்வளவு நீளமில்லை. பிளாக் மாறினால் சிட்டையில் விழுந்தே தீரும் என்ற ஒரு காரணத்துக்காகவே நான் கட்சி மாறினேன்.

ஆர்சிங்க்கின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. மறுமுனையில் எந்தக் கோப்பு முறைமை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வேண்டிய கோப்புறையை மட்டும் எடுக்கலாம், வேண்டாததை விலக்கலாம். சென்டில் ஒரு டேட்டாசெட் (இசட்எஃப்எஸ் தனி அலகாக வைத்திருக்கும் கோப்புத் தொகுதி) என்றால் முழு டேட்டாசெட்தான். மின்சாரம் போய் வந்தாலும் ஆர்சிங்க் முடித்த கோப்புகளை விட்டுவிட்டு மிச்சத்தைத் தொடரும். ஹார்டு லிங்க்குகளையும் (ஒரே கோப்புக்கு இருக்கும் கூடுதல் பெயர்கள்) அனுமதிப் பட்டியல்களையும் கேட்டு வாங்கினால்தான் தரும், பாதையின் முடிவில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் வேறு வேறு, நீக்கச் சொல்லும் முன் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் ஒரு முறை சூடுபட்டுக் கற்பவை. அதிகம் பேசப்படாத ஒன்று: மறுமுனைப் பகிர்வை மவுண்ட் செய்து, அதாவது உள்ளூர்க் கோப்புறைபோல் இணைத்து, அதன் மேல் ஓட்டினால், இரண்டும் உள்ளூர்ப் பாதைகள் என்று எடுத்துக்கொண்டு மாறிய கோப்பை முழுதாகவே எழுதும். அந்தப் புகழ்பெற்ற தந்திரம் அங்கே வேலைக்கே வராது.

சென்ட் என்னைப் படுத்தியதையும் மறைக்கவில்லை. ஆர்சிங்க்கால் நிரப்பிய மாடிப் பெட்டியில், கீழ்ப் பெட்டியோடு பொதுவான ஸ்னாப்ஷாட் ஏதும் இல்லாததால் அதை அடித்தளமாக வைத்துத் தொடர முடியாது. முழுதாக முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. 11ஆம் மணி நேரத்தில் மின்சாரம் போனது. பெறும் பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும் விருப்பத்தை நான் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் ஓர் அடையாளச் சரம் கிடைத்திருக்கும், அதை வைத்துத் தொடர்ந்திருக்கலாம். மறுபடி முதலிலிருந்து. யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது என்று அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு முறை, மாடியில் அண்ணன் மகன் தன் பள்ளி ஆண்டுவிழாப் படங்களைத் தேடிப் பெட்டியைத் திறந்திருக்கிறான். திறந்து பார்த்ததோடு சரி. அதிலேயே கோப்புகளின் கடைசியாகப் படித்த நேரம் பதிவாகி, இலக்கு மாறிவிட்டது என்று சொல்லி அடுத்த நாள் ஓட்டம் நின்றுவிட்டது. அன்று முதல் மாடி டேட்டாசெட் படிக்க மட்டும். பொதுவான ஸ்னாப்ஷாட்டை இரு பக்கமும் காப்பாற்றுவதுதான் உண்மையான பராமரிப்பு. இடம் போதவில்லை என்று யாராவது அதை அழித்தால் 15 மணி நேரத்துக்கு மேல் மறுபடி காத்திருக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டின் மேல் ஹோல்டு என்ற பூட்டைப் போட்டுவைத்தால் தவறியும் அழியாது. மூலப் பெட்டியில், அந்த ஸ்னாப்ஷாட் எப்போது எடுத்தது என்பதை மட்டும் குறித்துவைக்கும் ஒரு புக்மார்க்கும் வைத்துக்கொண்டால் அங்கே ஸ்னாப்ஷாட் போனாலும் தொடரலாம், மாடியில் இருப்பது பத்திரமாக இருக்கும்வரை.

என் அனுபவம் இரண்டு பெட்டி, 6 டெராபைட், ஒரே கட்டடம் அவ்வளவே. மறையாக்கம் செய்த டேட்டாசெட்டை மறையாக்கம் கலையாமல் அப்படியே அனுப்பும் வழியை நான் ஓட்டிப் பழகியதில்லை. அதற்கு என் சாட்சி செல்லாது. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும், நெட்ஆப் நிறுவனத்தின் நகல் வசதியான ஸ்னாப்மிரர் ஓடும் பெரிய அலுவலகங்களுக்கும் அடிப்படை இதேதான்: ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையிலான மாற்றத்தை மட்டும் நகர்த்துவது. இலக்கில் மட்டும் இசட்எஃப்எஸ் இருப்பவர்கள் ஆர்சிங்க்கை ஓட்டிவிட்டு அங்கே ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். மோசமில்லை, எண்ணுகிற வேலை மட்டும் குறையாது.

நேற்றிரவு இரண்டு கல்யாணங்களின் 11 ஜிகாபைட் இரண்டு நிமிடத்துக்குள் மாடி ஏறியது. ஆர்சிங்க் இன்னும் வேலையில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் இரண்டு நகல் போதாது என்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு வெளி வட்டு ஒன்றில் முடிந்த ஆல்பங்களை மட்டும் அது ஏற்றும். அந்த வட்டு அண்ணனின் மச்சான் வீட்டு பீரோவுக்குப் போய்விடும். அக்காவின் பெட்டகத்தை மட்டும் அந்த ஓட்டத்தில் உள்ளடக்கம் படித்து ஒப்பிடச் சொல்லித் தனி வரி போட்டிருக்கிறேன்.