வறண்ட வாய்க்கு எது வழி: ஹீட்டட் ட்யூபா, ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கா?

சென்னையில் இருந்துகொண்டு காற்றில் ஈரம் போதவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஏ.சி. அறையில் சிபாப் (தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க, மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று தரும் இயந்திரம்) மாட்டிக்கொண்டு தூங்குபவர்களுக்கு மட்டும் புரியும். விடியற்காலை நான்கு மணிக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எச்சில் விழுங்க வராது, மூக்கு ஒரு பக்கம் அடைத்திருக்கும். இரண்டு மாதம் எனக்கு அப்படித்தான் போனது. பொறுக்க முடியாமல் மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, மீதி இரவைப் பழையபடி குறட்டையும் மூச்சுத் திணறலுமாகக் கழித்த நாட்கள் உண்டு.

இயந்திரம் விற்றவர், வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க் வாங்கச் சொன்னார். தூக்க மருத்துவரோ, முதலில் இயந்திரத்திலிருந்து மாஸ்க்குக்குக் காற்று கொண்டுவரும் குழாயை மாற்றி, சூடேற்றும் கம்பியுள்ள ஹீட்டட் ட்யூப் போட்டுப் பாருங்கள் என்றார். மாஸ்க்கை வாங்கி மூன்று வாரம் போட்டுப் பார்த்தேன். அப்புறம் குழாயை மாற்றினேன். எட்டு மாதமாக, மூக்கை மட்டும் மூடும் பழைய நேசல் மாஸ்க்கும் ஹீட்டட் ட்யூபும்தான்.

இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரின் அளவை ஏற்றினால் போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் இயந்திரத்தில் 1 முதல் 8 வரை அளவு உண்டு. 4இலிருந்து 6க்கு ஏற்றிய அன்றிரவே குழாய்க்குள் களக் களக்கென்று சத்தம், மூக்கின் மேல் சில்லென்று தண்ணீர்ச் சொட்டு. பதறி எழுந்து குழாயைத் தூக்கிப் பிடித்தபோது, உள்ளே வளையம் வளையமாகத் தண்ணீர் நின்றது.

எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 19 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 27 டிகிரியில் கிட்டத்தட்ட 26 கிராம் தாங்கும். தொட்டியிலிருந்து சூடும் ஈரமுமாகக் கிளம்பும் காற்று, ஆறடி சாதாரணக் குழாயைக் கடந்து மாஸ்க்குக்கு வரும்போது கிட்டத்தட்ட அறையின் குளிருக்கே இறங்கிவிடுகிறது. தாங்க முடியாத ஈரம் தண்ணீராகக் குழாயிலேயே தங்கிவிடும். அதாவது, அளவை எவ்வளவு ஏற்றினாலும் மூக்குக்குக் கிடைப்பது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் குழாய்க்குள் மழை. ஹீட்டட் ட்யூபின் சுவருக்குள் ஓடும் மெல்லிய கம்பி, காற்றை வழியெல்லாம் சூடாகவே வைத்திருக்கிறது. 27 டிகிரியில் வைத்தேன். சொட்டு நின்றது. அதன் பிறகுதான் ஈரத்தின் அளவை ஏற்றவே முடிந்தது.

சரி, வறண்டது வாய்தானே, மூக்கைக் கவனித்து என்ன ஆகும்? நுரையீரலுக்குப் போகும் காற்று 37 டிகிரிச் சூட்டில், கன மீட்டருக்கு 44 கிராம் ஈரத்தோடு இருக்க வேண்டும். குறைவதை மூக்குதான் தன் ஈரத்திலிருந்து கொடுக்கிறது. மூச்சு விடும்போது அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது. மூக்கு வழியே உள்ளே தள்ளப்படும் காற்று வாய் வழியே ஓடிவிட்டால், கொடுத்தது திரும்பி வராது. மூக்கின் உட்சவ்வு காய்ந்து வீங்கும், அடைக்கும். அடைத்ததும் வாய் இன்னும் திறக்கும். “ராத்திரி முழுக்க வாயால காத்து ஊதுறீங்க” என்று என் மனைவி சொன்னது இதைத்தான். படுக்கும்போது நிரப்பிய தொட்டி விடிவதற்குள் காலியாகிக் கிடந்ததற்கும் அந்தக் கசிவுதான் காரணம். குழாய் மாற்றிப் பத்து நாளில் மூக்கு திறந்தது, வாய் தானாக மூடியது. இப்போது காலையில் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் மிச்சமிருக்கிறது.

ஃபுல் ஃபேஸ் மாஸ்க் மோசமான பொருள் என்று சொல்லமாட்டேன். முதல் இரவே ஒரு நிம்மதி இருந்தது, வாய் திறந்தாலும் அழுத்தம் போகாது. ஆனால் வாய் வழி மூச்சு அப்படியே நீடித்தது, வறட்சி பாதிதான் குறைந்தது. முகத்தில் மூட வேண்டிய பரப்பு பெரிது, புரண்டு படுத்தால் கன்னத்து ஓரம் சீறும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கைவிட நேசல் மாஸ்க்கையே பரிந்துரைக்கிறது. வாய் திறக்காமல் தாடையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையையும் நான்கு இரவு கட்டிப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை.

ஹீட்டட் ட்யூபுக்கும் குறை உண்டு. ஒரு மாடலுக்கானது பெரும்பாலும் இன்னொன்றில் பொருந்தாது, இயந்திரம் மாற்றினால் குழாயும் வீண். மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, குழாயும் ஹியூமிடிஃபையரும் சேர்ந்து பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் இரண்டின் சூட்டையும் நிறுத்திவிடுகிறேன். வாரம் ஒருமுறை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில்தான் தொங்கவிட வேண்டும், மொட்டை மாடி வெயில் ஆகாது. தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். ஒரு மாதம் கேன் தண்ணீர் ஊற்றியதில் அடியில் வெள்ளைப் படலம் கட்டி, ஒரு பங்கு வினிகருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துத்தான் போக்கினேன். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

என் இயந்திரத்தின் காற்றழுத்தம் 9 செ.மீ. நீரளவுதான். 14, 15இல் இருப்பவர்களுக்கு வாய்க் கசிவு வேறு மாதிரி இருக்கலாம், அதில் எனக்கு அனுபவமில்லை. மூக்குத் தண்டு வளைந்திருப்பவர்களுக்கும், தாடை தளர்ந்து வாய் திறப்பவர்களுக்கும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கே சரியாக இருக்கக்கூடும். அலர்ஜி மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள், எதையும் வாங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவற்றாலும் வாய் வறளும்.