ஓரமா, தடத்தின் நடுவா: சைக்கிளுக்கு எது பத்திரம்?

"ஓரமாவே போ." சைக்கிள் பழகும் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். இதற்கு நேர் எதிராக, தடத்தின் நடுவில் காரைப் போலவே ஓட்டு என்று சொல்லும் கட்சியும் உண்டு. 1970களில் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பொறியாளர் ஜான் ஃபாரெஸ்டர் இதை ஒரு கொள்கையாகவே வளர்த்தெடுத்தார். எந்தச் சாலை என்பதைப் பொறுத்து இதற்கு விடை மாறும். ஆனால் வாகனங்கள் மெதுவாக நகரும் நகரச் சாலை என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே ஓரம் தோற்றுவிடுகிறது.

ஓரத்தை நாடவைப்பது முதுகுப் பயம். பின்னால் இரைச்சல் நெருங்க நெருங்க ஹேண்டில்பார் தானாகவே ஓரத்துக்குத் திரும்பும். 1977-இல் அமெரிக்காவில் கென்னத் கிராஸ், கேரி ஃபிஷர் இருவரும் காரும் சைக்கிளும் மோதிய விபத்துகளை வகை வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாத மோதல்களில், பின்னால் வந்து முந்தும்போது நடந்தவை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மீதியில் பெரும்பகுதி குறுக்கே வந்தவை, திரும்பும்போது நேர்ந்தவை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. உயிர் போன விபத்துகளை மட்டும் எடுத்தால், முந்தும்போது நடந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். முதல் எண்ணை நடுத்தடக் கட்சியும் இரண்டாவதை ஓரக் கட்சியும் பிடித்துக்கொண்டு இன்றுவரை சண்டை போடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகும்: பின்னாலிருந்து அடிபடுவது அபூர்வம், பட்டால் பிழைப்பது கடினம்.

ஓரத்தில் அப்படி என்ன ஆபத்து? முதலில், கண்ணில் படுவதில்லை. சந்தில் இருந்து மூக்கை நீட்டும் கார் ஓட்டுநர், வாகனம் வரக்கூடிய இடத்தைத்தான் பார்க்கிறார். சுவரை ஒட்டி வரும் சைக்கிள் அந்தப் பார்வைக்குள் விழாது. அடுத்தது, நிறுத்தியிருக்கும் காரின் கதவு. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுவார். கதவு திறக்க அந்த ஒரு நொடிகூடத் தேவையில்லை, பிரேக்கில் விரல் படுவதற்குள் மோதியாகிவிடும். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: ஓரத்தில் ஒதுங்க மேற்கொண்டு இடமே இருக்காது. ஜல்லி, கண்ணாடித் துண்டு, உடைந்த சாக்கடை மூடி எல்லாம் அங்கேதான் சேரும். அவற்றைத் தவிர்க்க சட்டென்று ஹேண்டிலை வெட்டினால், முந்திக்கொண்டிருக்கும் வண்டியின் பாதையில் போய் நிற்போம். போதாததற்கு, ஒட்டிப் போகிறவரைப் பார்த்தால், தடம் மாறாமலே நுழைந்து போய்விடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றிவிடும்.

நடுத்தடத்துக்கும் எல்லை உண்டு. அதை முடிவு செய்வது வேக வித்தியாசம். நீங்கள் 20-இல் போகிறீர்கள், பின்னால் 50 மீட்டர் தள்ளி ஒரு கார் 30-இல் வருகிறது. உங்களை எட்ட அதற்கு 18 நொடி ஆகும், நிதானமாக யோசித்து ஒதுங்க அவருக்கு நேரம் இருக்கிறது. அதே கார் 80-இல் வந்தால் மிஞ்சுவது 3 நொடி. அவர் அந்த மூன்று நொடியும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் உரிமை, கொள்கை எதுவும் உதவாது. ஃபாரெஸ்டர் கட்சி சறுக்குவது இந்த இடத்தில்தான். திடகாத்திரமாக 30-இல் மிதிக்கிறவருக்குப் பொருந்தும் அறிவுரையை, 12-இல் போகும் பாட்டிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொன்னார்கள்.

பிரிட்டனின் சாலை விதிநூல் 2022-இல் திருத்தப்பட்டபோது சொன்னது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அமைதியான தெரு, மெதுவாக நகரும் நெரிசல், சந்திப்பை நெருங்கும் இடம், குறுகும் சாலை ஆகிய இடங்களில் தடத்தின் நடுவில் போகலாம். வேகமான வாகனங்கள் ஓடும் சாலையில் விளிம்பிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நிறுத்திய கார்களை ஒரு மீட்டர் விட்டுக் கடக்க வேண்டும். இதில் நான் சேர்ப்பது ஒன்றுதான். இடம் மாறுவதை முன்கூட்டியே செய்யுங்கள். திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெல்ல நகருங்கள். நிறுத்திய கார்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளில் பாம்பு மாதிரி நுழைந்து நுழைந்து வெளிவருவது இரண்டு முறைகளின் கெடுதலையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வது.

இந்தச் சண்டையே வேண்டாம், தனிப் பாதை போட்டுவிட்டால் தீர்ந்தது என்பார்கள். சந்திப்பு வரும்வரை தீர்ந்ததுதான். பின்லாந்தில் ரெசெனென், சுமாலா இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் தென்பட்ட விபத்து இது: வலப்பக்கம் திரும்பும் கார், அதே வலப்பக்கத்திலிருந்து பாதையில் வரும் சைக்கிள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், ஓட்டுநரின் கண் இடப்பக்கம் வரும் கார்களைத் தேடிக்கொண்டிருந்தது. இந்த வகை விபத்தில் மோதுவதற்கு முன்பே சைக்கிளைக் கவனித்த ஓட்டுநர்கள் 11 சதவீதம், காரைக் கவனித்த சைக்கிள்காரர்கள் 68 சதவீதம். பார்த்தவர்களில் பெரும்பாலோர், ஓட்டுநர் வழிவிடுவார் என்று நம்பியிருந்தார்கள். ஆகவே இரு திசையிலும் சைக்கிள் போகும் தனிப் பாதையில், பக்கத்துச் சாலையின் போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் போகும்போது, ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் ஓட்டுநரின் முகம் உங்கள் பக்கம் திரும்பியதா என்று பாருங்கள். வேகச் சாலை என்றால், இத்தனைக்குப் பிறகும் என் ஓட்டு தனிப் பாதைக்கே.

லாரி மட்டும் தனிக் கதை. சிக்னலில் நிற்கும் லாரியின் ஓரப் பக்கத்தில் நுழைந்து முன்னேறாதீர்கள். திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும், அந்த இடம் ஓட்டுநருக்குத் தெரியாது. பின்னாலேயே நில்லுங்கள்.

கடைசியாக, விளக்கா ஹெல்மெட்டா? ஹெல்மெட் விபத்தைத் தடுப்பதில்லை, நடந்த பிறகு தலையைக் காக்கிறது. ஐரோப்பியத் தரமான இஎன் 1078, ஹெல்மெட்டைத் தட்டைப் பரப்பில் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதிக்கிறது. சைக்கிளிலிருந்து தானாக விழுகிற தலையின் வேகம் கிட்டத்தட்ட அதுதான், காரின் வேகம் அல்ல. விளக்கின் வேலை அதற்கு முந்தியது. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 2004-05-இல் ஒரு பகுதியினருக்குப் சக்கரம் சுழலும்போது காந்தத்தால் எரியும், பகலிலும் அணையாத விளக்கு பொருத்திப் பார்த்தபோது, அவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைந்திருந்தன. இரவில் மேலங்கியோடு கணுக்காலிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டினால், அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும் ஓர் ஆள் மிதித்துப் போகிறார் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும்.

இரண்டில் ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்றால், வாகன நெரிசலிலும் இருட்டிலும் ஓட்டுகிறவர் முதலில் விளக்கு வாங்கலாம். ஈரத் தரை, ஜல்லி, தண்டவாளம் குறுக்கிடும் சாலை என்று தானாக வழுக்கி விழ வாய்ப்பு அதிகமுள்ள வழியில் போகிறவருக்கு ஹெல்மெட் முதலில்.