நான்கு முள்ளும் ஆடுகிறதே என்று நம்பிப் பணத்தை அனுப்பிவிடாதீர்கள்

இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் வாங்கினேன். ஒரே நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதியும் இயந்திரம் அது. "ஹெட் புதிது, நான்கு டிராக்கும் கச்சிதம்" என்று விளம்பரம். ஹெட் என்பது நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பகுதி. விற்றவர் காணொளியும் அனுப்பினார். ஒலியின் அளவைக் காட்டும் நான்கு மீட்டர் முள்களும் துள்ளின, பாட்டு தெளிவாகக் கேட்டது. அன்று இரவே இரண்டு மாதச் சம்பளத்தை அனுப்பிவிட்டேன்.

குரல், கிட்டார், புல்லாங்குழல் ஆகியவற்றை முதல் மூன்று டிராக்குகளில் பதிவுசெய்தோம். மூன்றையும் கலந்து நான்காவதில் இறக்கினால் அந்த மூன்றும் அடுத்த பதிவுக்குக் கிடைக்கும். பவுன்ஸ் என்பது இதுதான். கலக்கும்போது நான்காவது முள் அழகாக ஆடியது. அது காட்டுவது உள்ளே போகும் ஒலியை மட்டும். நாடாவில் என்ன பதிந்தது என்பது போட்டுக் கேட்டால்தான் தெரியும். முதல் பல்லவியைக் கேட்டேன். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது.

எதையும் அழிக்காமல் விற்றவரிடமே கேட்டேன். "பவுன்ஸ் செய்தால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும் தம்பி, தைரியமாக மேலே பதிவுசெய்யுங்கள்" என்றார். கேசட்டில் ஒவ்வொரு நகலுக்கும் இரைச்சல் ஏறும், கூர்மை குறையும் என்பது உண்மைதான். அதனால்தான் நம்பினேன். மூன்று டிராக்குகளின் மேலும் பதிவுசெய்து முடித்த பிறகு முழுப் பாட்டையும் ஓடவிட்டால், சரணத்தில் குரலே விட்டுவிட்டு வருகிறது. மூலப் பதிவு இனி இல்லை. புல்லாங்குழல் வாசித்த நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார்.

பழுதுபார்ப்பவர் என் விரலைப் பிடித்து ஹெட்டின்மேல் நகத்தை ஓட்டச் சொன்னார். நாடா தேய்த்த பள்ளத்தின் விளிம்பில் நகம் தட்டி நின்றது. இதையா விற்றவர் புதிது என்றார்!

காணொளியின் தந்திரமும் அப்போதுதான் புரிந்தது. பக்கத்துக்கு இரண்டு டிராக்காக இரண்டு பக்கமும் பாட்டு உள்ள சாதாரண கேசட்டை விற்றவர் போட்டிருக்கிறார். இந்த இயந்திரம் இரு பக்கத்தையும் ஒரே திசையில் படிப்பதால் மறுபக்கத்தின் இரண்டு டிராக்குகளும் பின்னோக்கி ஓடும். அந்த இரண்டின் ஃபேடர்களை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்திகளை, இறக்கிவிட்டால் போதும். முள் நான்கும் ஆடும், காதில் விழுவது இரண்டுதான்.

விற்றவரிடம் கேட்டதற்கு "கேசட் பழையதாக இருக்கும்" என்றார். பிறகு "பார்சலில் அடிபட்டிருக்கும்". பிறகு "நீங்கள் எதையோ மாற்றி அழுத்தியிருப்பீர்கள்". அதன் பிறகு என் அழைப்பையே எடுக்கவில்லை. இணையதளத்தாரோ ஏழு நாள் கடந்துவிட்டது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரே வரி!

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. காலி கேசட்டில் ஒவ்வொரு டிராக்கிலும் தனித்தனியே பதிந்து, தனித்தனியே ஒலிக்கவிடச் சொல்லுங்கள். ஹெட்டை அருகில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பவுன்ஸ் செய்ததைக் கடைசி நொடிவரை கேட்காமல், மூலத்தை வேறொரு கருவியில் நகலெடுக்காமல், அதன்மேல் பதிவுசெய்யாதீர்கள், யார் தைரியம் சொன்னாலும்.