மூன்று பிளை ரசீதும் 0.4 மில்லிமீட்டரும்: பள்ளி ஆபீஸில் டாட் மேட்ரிக்ஸ், ஆறு வருஷம்

"மக்கா, ஃபீஸ் கவுண்டருக்கு எந்தப் பிரிண்டர் வாங்கணும்? தெர்மலா, பழைய டாட் மேட்ரிக்ஸா?" குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு பார்க்கும் நண்பரின் கேள்வி இது. கேட்ட நேரம் சரியில்லை. போன வாரம்தான் இங்கே எங்கள் டாட் மேட்ரிக்ஸின் ஹெட்டை, அதாவது ஊசிகள் இருக்கிற அடிக்கும் தலையை, மாற்றினோம், பில் இன்னும் மேசையில் கிடக்கிறது. எழுத்தில் கொஞ்சம் கடுப்பு இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் படிக்கவும்.

எங்களிடம் இருப்பது 9 ஊசி, 80 காலம் (ஒரு வரிக்கு 80 எழுத்து) மாடல். நாகர்கோவிலில் விற்கிற சாதாரண ரகம். தாள் 10 அங்குல அகலத் தொடர் தாள். 12 அங்குலத்தை நடுவில் கிழித்தால் 6 அங்குல ரசீது இரண்டு. மூன்று பிளை, அதாவது மூன்று தாள் ஒன்றாக அடுக்கியது, நடுவில் கார்பன் வைக்காதது. வெள்ளை பெற்றோருக்கு, மஞ்சள் ஃபைலுக்கு, பிங்க் கணக்குக்கு.

முதலில் தெர்மல் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வேகம், சத்தமின்மை எல்லாம் உண்மைதான். ஆனால் அது ஒரு பிரதிதான் அடிக்கும். இரண்டாவது வேண்டுமென்றால் இரண்டாம் முறை அடிக்க வேண்டும். அதில் கையெழுத்து இருக்காது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சு என்பதால், பத்திரப்படுத்த நினைத்து லாமினேட் செய்தால் ரசீது முழுக்கக் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் எழுத்து வெளிறும். வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்தாலும் கேட்க வேண்டாம். ஜூனில் கட்டிய ஃபீஸுக்கு ஜனவரியில் வரிக் கணக்குக்காக ரசீது கேட்டு வருவார்கள். அப்போது வெள்ளைத் தாளைக் காட்டினால் டூப்ளிகேட் அடித்துக் கொடுக்கிற வேலை ஆபீஸ் தலையில் விழும். (பழைய வரி முறையில் வருமான வரிச் சலுகை, இரண்டு பிள்ளைகள் வரை, கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ் கட்டணத்துக்கும் நன்கொடைக்கும் கிடையாது. எந்தப் பிரிண்டராக இருந்தாலும் டியூஷன் ஃபீஸ் தனி வரியில் வருகிற மாதிரி ரசீதை அமைத்தால், ஜனவரியில் வருகிற பாதிக் கேள்வி வராது.)

மூன்று பிளையில் ஒரே அடியில் மூன்றும் வரும், கையெழுத்தும் மூன்றிலும் இறங்கும். சாயங்காலம் பிங்க் கட்டை எண்ணி, பணம், யூபிஐ, செக் என்று மூன்றாகப் பிரித்துச் சாப்ட்வேர் தொகையோடு ஒப்பிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. மறுநாள் பேங்க் ஸ்டேட்மெண்டில் யூபிஐ தொகை வரும்போது டிக் அடிப்பதும் அதே கட்டில்தான். ரசீதில் யூபிஐயின் 12 இலக்க எண்ணையும் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே தொகை கட்டிய நாற்பது பேரில் யாருடையது என்று தேட வேண்டிவரும்.

கரண்டு விஷயத்திலும் குறை சொல்ல முடியாது. லேசர் பிரிண்டர் சூடாகும்போது இழுக்கிற கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் கூவிவிட்டு அணைந்துவிடும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆறு வருஷமாக உயிரை எடுக்கிற ஒரே விஷயத்துக்கு வருகிறேன். தாள் நகர்வு.

காலையில் முதல் ரசீதில் தொகை சரியாகக் கட்டத்துக்குள் இருக்கும். பத்தாவது ரசீதில் ஒரு வரி மேலேறி "வகுப்பு" கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இருபதாவதில் பையனின் பெயர் பள்ளியின் பெயர் மேல் ஏறி நிற்கும். பிரிண்டரை அணைத்து, தாளைத் திருகி, மறுபடி போட்டு, இரண்டு ரசீதை வீணாக்கினால் சரியாகும். பத்து ரசீதுக்கு மறுபடியும் அதே கதை. மெக்கானிக் வந்து டிராக்டரை (தாளின் ஓரத்து ஓட்டைகளில் பல் மாட்டி இழுக்கிற பாகம்) குற்றம் சொல்வார், சாப்ட்வேர்காரர் பிரிண்டரைக் குற்றம் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு.

விண்டோஸில் தாள் அளவு என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் ஏ4 அல்லது லெட்டர் என்று கிடக்கும். அப்படி இருந்தால் முதல் ரசீதிலேயே கோளாறு தெரிந்துவிடும். ஆபத்தானது அதுவல்ல. யாராவது கெட்டிக்காரர் புது ஃபார்ம் (தாள் அளவு) உண்டாக்கி, ஸ்கேலால் அளந்து, உயரம் 15.2 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார். 6 அங்குலம் என்பது 15.24. வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். ஒரு வரி 4.23 மில்லிமீட்டர். பத்து ரசீதில் ஏறக்குறைய ஒரு வரி கூடிவிடும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு ஜூன் மாதம் ஆனது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அதைத் திருத்திய பின்பும் நகர்வு முழுசாகப் போகவில்லை, வகைதான் மாறியது. இதற்குக் காரணம் நம் ஊர் மழை. ஜூனில் பள்ளி திறக்கிற அதே நேரத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) காற்றோடு வரும். தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரண்டு போகும். ரசீது பாதி அடித்திருக்கும்போது பிரிண்டர் அணைந்து மறுபடி எரிந்தால், தாள் எங்கே நிற்கிறதோ அதையே தாளின் உச்சி என்று எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அடிக்கிற எல்லாமே அந்தப் பாதியிலிருந்துதான். ஆகவே கம்ப்யூட்டர் இருக்கிற யூபிஎஸ்ஸிலேயே பிரிண்டரையும் சொருகுங்கள். ஆன் செய்யும் முன் கிழிக்கிற கோடு சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் ஆனாக இருக்கும்போது பக்கத்துக் குமிழைக் கையால் திருகவே கூடாது. கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர் முதல் நாளே செய்கிற வேலை அதுதான்.

இன்னொரு திருடன் தானியங்கிக் கிழிப்பு வசதி. ரசீது முடிந்ததும் தாளை முன்னால் தள்ளி, அடுத்ததற்கு முன் பின்னால் இழுக்கும். ஒற்றைத் தாளுக்குப் பரவாயில்லை. மூன்று பிளையைப் பின்னால் இழுத்தால் அடுக்குகள் ஒன்றுக்கொன்று வழுக்கும், சிக்கவும் செய்யும். அதை அணைத்துவிடுங்கள். ரசீதின் மேல் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விட்டு, அந்த இடத்தில் பள்ளியின் பெயரையும் முகவரியையும் அச்சகத்திலேயே அடித்து வாங்குங்கள். பிரிண்டர் அடிப்பது அதற்குக் கீழே தொடங்கினால் போதும். கிழிக்கிற கோடு கிழிக்கிற கம்பியில் நிற்கும்போதே அடுத்த ரசீதின் முதல் வரி ஹெட்டுக்கு நேராக இருக்கும். பின்னால் இழுக்கிற தேவையே இல்லை.

தமிழ்த் தலைப்பை முன்னரே அச்சடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தமிழைப் பிரிண்டர் படமாகத்தான் அடிக்கும். 9 ஊசியில் அது கொசுக் கூட்டம் மாதிரி இருக்கும். முழு ரசீதையும் படமாக அனுப்பினால் அரை நிமிடம் ஆகும். மாணவர் பெயரை ஆங்கிலத்தில், பிரிண்டரின் சொந்த எழுத்தில் அனுப்பினால் ஏழெட்டு வினாடி. அறுபது பேர் நிற்கிற வரிசையில் அரை நிமிடம் என்பது வெறும் பிரிண்டுக்கே அரை மணி நேரம். ஆனால் ரசீது எண்ணை மட்டும் அச்சகத்தில் போடச் சொல்லாதீர்கள். ஒரு தாள் வீணானதும் தாளின் எண்ணும் சாப்ட்வேர் எண்ணும் பிரிந்துவிடும், வருஷக் கடைசி வரை சேராது. வீணான ரசீதின் மூன்று பிளையையும் "ரத்து" என்று எழுதிச் சேர்த்துக் கட்டி வையுங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

தாளைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். ஒரு கட்டு தீர்ந்த பிறகே அடுத்த கட்டின் பாலிதீன் உறையைப் பிரியுங்கள். இந்த மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். ஐப்பசி ஈரத்தில் மூன்று பிளையின் ஓரம் உப்பி, பக்கத்து ஓட்டைகள் கிழியும்.

ஹெட் போன கதை சுருக்கமாக. தாள் தடிமனுக்கு ஒரு நெம்பு இருக்கிறது. யாரோ ஒற்றைத் தாளில் சுற்றறிக்கை அடிக்க அதைக் கீழே தள்ளிவிட்டு, மூன்று பிளைக்குத் திருப்பி ஏற்றவில்லை. ஹெட் தாளில் உரசியது, ஊசி ரிப்பனில் மாட்டியது, நடு ஊசி ஒன்று போனது. எழுத்தின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடும், அது பரவாயில்லை. 8 இடுப்பில்லாமல் 0 மாதிரி விழுகிறது. 8,500 ரூபாய் ரசீதில் 0,500 என்று இருந்தால் பெற்றோர் சும்மா இருப்பாரா? தொகையை எழுத்திலும் அடிக்கிற வழக்கம் இருந்ததால் பிழைத்தோம். மை ஊற்றிப் புதுப்பித்த ரிப்பனும் ஹெட்டுக்கு எமன்தான். ஸ்டாம்பு பேடு மையை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஊசியை வழுவழுப்பாக்காது, ஒட்டவைக்கும்.

கொளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரப் பள்ளி என்றால் ஹெட் ஓடுகிற கம்பி உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் கையருகே இருக்கிறதே என்று போடுகிற ஊர் இது. தாள் தூசியோடு சேர்ந்து அது பசையாகிவிடும்.

கணக்குப் போட்டால் ஆறு வருஷத்தில் ஒரு ஹெட், வருஷத்துக்கு நாலைந்து ரிப்பன், வேறு செலவில்லை. ஒரு ரசீதுகூட வெளிறவில்லை. சாயங்காலக் கணக்கு இருபது நிமிடத்தில் முடிகிறது. இதைவிடப் பொருத்தமான சாமான் பள்ளி ஆபீஸுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் இந்த வாரம் கேட்டால் என் பதில், வாங்காதே மக்கா. மீறி வாங்கினால் தாள் உயரம் 15.24. கடைசி நாலையும் விடாமல் போடு.