பத்தாம் வகுப்பு இயற்பியலுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் வினாடி வினா: ஒரு மதிப்புரை

பாடப் பக்கத்தைக் கொடுத்த மறுகணமே இருபது கேள்விகளை விடைக்குறிப்போடு எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆசிரியர்களிடையே வேகமாகப் பரவிவருகின்றன. தமிழ்வழிப் பத்தாம் வகுப்பு அறிவியலில், குறிப்பாக ‘இயக்க விதிகள்’ பாடத்துக்கு, உரையாடல் வடிவில் இயங்கும் இரண்டு செயலிகளைத் தொடர்ந்து பயன்படுத்திவருகிறேன். நிறைகுறைகள் இரண்டுக்கும் ஏறக்குறையப் பொதுவாக இருப்பதால் பெயர்களைத் தவிர்த்துவிடுகிறேன். கேள்வியை எழுதுவதில் இவை சுமார்தான். தவறான விடைகளை எழுதுவதிலோ, நாம் வழிகாட்டினால், நன்றாகவே கைகொடுக்கின்றன. வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவுசெய்யவேண்டியது இந்த இரண்டாவது திறமையைப் பார்த்துத்தான் என்பது என் கருத்து.

வினாடி வினா மதிப்பெண் போடுவதற்கு மட்டுமானதன்று, அதுவே ஒரு கற்றல் முறை என்பதற்கு நல்ல சான்று உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்களுக்கு 40 விழுக்காடுதான் நினைவிருந்தது, ஒருமுறை மட்டும் படித்துவிட்டு மூன்றுமுறை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது. அந்த ஆய்வில் மாணவர்கள் வெற்றுத் தாளில் எழுதினார்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும். தேர்ந்தெடுக்கும் வகை வினாவில் மாணவர் நினைவைத் துழாவவேண்டுமென்றால், மற்ற மூன்று விடைகளும் அவரை நின்று யோசிக்கவைக்கும் அளவுக்கு நம்பத்தக்கவையாக இருந்தாகவேண்டும்.

இந்த இடத்தில்தான் செயலிகள் முதலில் சறுக்குகின்றன. ‘இந்தப் பாடத்திலிருந்து பத்து வினாக்கள் எழுது’ என்று மட்டும் கேட்டால், புத்தகத்தின் வரியை அப்படியே எடுத்து ஒரு சொல்லை உருவிவிட்டுக் கேள்வியாக்கித் தருகின்றன. சரியான விடை முழு வாக்கியமாக நீண்டிருக்கிறது. தவறானவை இரண்டு சொற்களில் முடிந்துவிடுகின்றன. விடை தோன்றாத இடத்தில் ‘மேற்கண்ட அனைத்தும்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. “நீளமா இருக்கறதுதான் சார் ஆன்சர்” என்றார் ஒருவர், பாடத்தைத் திறந்தே பார்க்காமல் பாதிக்குமேல் சரியாகப் போட்டிருந்த அவர்.

ஒரு வினாவைக் கிட்டத்தில் பார்ப்போம். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு, வேகமாக வரும் லாரி நின்றிருக்கும் காரின் மீது மோதும் சூழலைக் கொடுத்து வினா எழுதச் சொன்னேன். முதலில் வந்த தவறான விடைகள்: ‘லாரி எந்த விசையையும் செலுத்தாது’, ‘காரின் நிறை சுழியாகும்’, ‘விசை என்பது ஆற்றலின் அலகு’. இவற்றை எந்த மாணவரும் தொடமாட்டார். பிறகு, சென்ற ஆண்டு விடைத்தாள்களில் மாணவர்கள் உண்மையிலேயே எழுதியிருந்த தவறுகளைப் பெயர் நீக்கித் தட்டச்சு செய்து கொடுத்து, இவற்றிலிருந்து மட்டுமே தவறான விடைகளை அமைக்கவேண்டும் என்று கட்டளையிட்டேன். அப்போது வந்தவை: ‘லாரிக்கு நிறை அதிகம் என்பதால் அது கார்மீது செலுத்தும் விசையே அதிகம்’, ‘கார் ஓய்வில் இருப்பதால் அது லாரிமீது விசை செலுத்தாது’. வகுப்பில் சரிபாதிப் பேர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த பாடவேளையில் எதைப் பற்றிப் பேசவேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

இது புதிய உத்தி அல்ல. ஹெஸ்டனஸ் என்ற இயற்பியலாளரும் அவருடன் இருவரும் 1992-இல் வெளியிட்ட விசைக் கருத்துகள் பற்றிய வினாத்தொகுப்பு, மாணவர்களின் அன்றாட நம்பிக்கைகளையே தவறான விடைகளாக வைத்ததால்தான் உலகெங்கும் இயற்பியல் ஆசிரியர்களிடையே பேர் வாங்கியது. அத்தகைய விடைகளைத் திரட்ட நீண்ட ஆய்வு தேவைப்பட்டது. திரட்டியவற்றைக் கொண்டு வெவ்வேறு சூழல்களில் வினா எழுதும் வேலையை இன்று செயலி ஏற்றுக்கொள்கிறது. திரட்டும் வேலை இன்னமும் ஆசிரியருடையதுதான்.

கணக்குகளில் செயலியின் பங்கு எனக்கு இன்னும் பிடித்திருந்தது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் 1,000 கி.கி. நிறையுள்ள கார் 5 வினாடியில் நிற்க எவ்வளவு விசை வேண்டும் என்ற வினாவுக்கு, ‘ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட பிழையிலிருந்து வரவேண்டும், அந்தப் பிழையையும் எழுது’ என்று கேட்டதும், 4,000 நியூட்டன் என்ற சரியான விடையோடு, மணிக்கு கி.மீ. என்பதை வினாடிக்கு மீட்டராக மாற்றாதவருக்குக் கிடைக்கும் 14,400, காலத்தால் வகுக்க மறந்தவருக்குக் கிடைக்கும் 20,000, வகுப்பதற்குப் பதில் பெருக்கியவருக்குக் கிடைக்கும் 1,00,000 ஆகியவற்றை வரிசையாகத் தந்தது. மாணவர் எதைத் தொட்டார் என்பதே அவருக்கு எங்கே தடுக்கிற்று என்பதைச் சொல்லிவிடும். இத்தகைய வினாவை ஆசிரியர் கையால் எழுத முடியாது என்றில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பத்து வினாக்கள் எழுதப் பொறுமை இருக்காது, அவ்வளவுதான்.

நான்கு விடைகள் கட்டாயமா என்ற கேள்வியும் எழும். ரோட்ரிகஸ் என்ற ஆய்வாளர் 2005-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பெரும்பாலான வினாக்களுக்கு மூன்று விடைகளே போதும் என்று முடிவுகட்டினார். பொதுத்தேர்வின் 75 மதிப்பெண் தாளில் வரும் 12 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு நான்கு விடைகள் என்பதால் திருப்புதல் தேர்வுக்கு நான்கே கேட்கிறேன்; பாடத்தின் நடுவில் வைக்கும் சிறு சோதனைக்கு மூன்று. நான்காவதை வலிந்து கேட்டால்தான் செயலி அசட்டு விடைகளைப் போட்டு நிரப்புகிறது.

தமிழில் கேட்பதற்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. தமிழகப் பாடநூல் முடுக்கம் என்பதை இலங்கைப் பாடநூல் ஆர்முடுகல் என்கிறது. நாம் திசைவேகம் என்பது அங்கே வேகம், நாம் வேகம் என்பது அங்கே கதி. இரு வழக்குகளையும் படித்து வளர்ந்த செயலி ஒரே வினாத்தாளில் இரண்டையும் கலந்துவிடுகிறது. ஆர்முடுகல் வந்தால் மாணவர் கேட்டுவிடுவார். வேகம் என்ற சொல் பொருள் மாறி வந்தால் யாருக்கும் தெரியாது, விடை மட்டும் தவறாகிப்போகும். பாடநூலின் கலைச்சொற்பட்டியலை முதலிலேயே கொடுத்து, அதற்கு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டால் பெருமளவு சரியாகிவிடுகிறது. பழைய எழுத்துருவில் அமைந்த பிடிஎஃப் கோப்பிலிருந்து பாடத்தை நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் குழம்பிவிடும். பக்கத்தைப் படம்பிடித்துக் கொடுப்பதே மேல்.

விடைக்குறிப்பைச் சரிபார்த்தால் மட்டும் போதாது, விளக்கத்தையும் வரிவரியாகப் படிக்கவேண்டும். மேற்சொன்ன லாரி வினாவுக்கே, இரு விசைகளும் சமம் என்று சரியாக விடை குறித்துவிட்டு, ‘விசையும் எதிர்விசையும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால்’ என்று காரணம் எழுதியது ஒரு செயலி. அவை இரு வேறு பொருள்கள்மீது செயல்படுபவை. சமன்செய்துகொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. இதை அப்படியே நகலெடுத்து வகுப்புக் குழுவில் அனுப்பினால், வினாவைவிட விளக்கமே அதிகக் கெடுதல் செய்யும். தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வில் படித்த தவறான விடையையே மாணவர்கள் பிறகு உண்மையென்று நினைவில் வைத்துக்கொள்ளும் ஆபத்தை ரோடிகரும் மார்ஷ் என்ற இன்னொரு உளவியலாளரும் 2005-இலேயே காட்டியிருக்கிறார்கள். சரியான விடையை உடனடியாகச் சொல்லித் திருத்துவதே அதற்கு மாற்று. ஆகையால் தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அது ஏன் தவறு என்று இரண்டு வரி எழுதச் சொல்லி, திருத்தி, சோதனை முடிந்த அதே பாடவேளையில் படித்துக்காட்டுகிறேன்.

பழைய பாடங்களைக் கலந்து கேட்கும் வேலையைச் செயலி தானாகச் செய்வதில்லை. எந்தப் பாடம் எந்த வாரம் முடிந்தது என்பதைச் சொல்லி, வினாக்களில் மூன்றிலொரு பங்கு முந்தையவற்றிலிருந்து வரட்டும் என்று கேட்டால்தான் தருகிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு சிறு சோதனை வைப்பவருக்கு இலவசப் பதிப்பே போதும். பல பிரிவுகளுக்குப் பாடமெடுப்பவர்கள், வாரந்தோறும் நிறையப் பக்கங்களைப் படமாக ஏற்றவேண்டியிருந்தால், ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டிப் பார்க்கலாம். சென்ற ஆண்டு விடைத்தாள்களை எடைக்குப் போட்டுவிட்ட ஆசிரியருக்கு இரண்டு பதிப்பும் ஒன்றுதான்; அவர் அரையாண்டுத் தேர்வுவரை பொறுத்திருந்து, மாணவர்களின் தவறுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு தொடங்குவது நல்லது.