தடை யார், அரசா வறுமையா? தாராளவாதத்தின் இரு முகாம்கள்

பேக்கரித் தொழிலாளியிடம் நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1895இல் சட்டம் போட்டது. அதை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட பேக்கரி முதலாளி லாக்னர், வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1905இல் 5-4 என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதை முதலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ளட்டும், அரசு நடுவில் வர வேண்டாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

தனிமனித சுதந்திரத்தை முதன்மையாக வைக்கும் தாராளவாதத்தில் இரு முகாம்கள் உண்டு. அரசு விலகி நிற்பதே சுதந்திரம் என்னும் செவ்வியல் தாராளவாதி இதைக் கேட்டு, சரிதான் என்று தலையாட்டுவார். வறுமையும் சுதந்திரத்தைப் பறிக்கும் என்னும் சமூக தாராளவாதி கொதித்துப்போவார். இத்தனைக்கும் ஆளப்படுவோரின் சம்மதம், சட்டத்தின் முன் சமத்துவம், பேச்சுரிமை, மத சுதந்திரம் எதிலும் இருவருக்கும் சண்டையில்லை. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதியதையும் இருவருமே மேற்கோள் காட்டுவார்கள்.

தகராறு ஒரே இடத்தில்தான்: சுதந்திரத்தைப் பறிப்பது யார்? அரசுதான் என்கிறது முதல் முகாம். 1974இல் இந்த முகாமின் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் கேட்ட கேள்வி இன்றும் குடைகிறது. ரசிகர்கள் 10 லட்சம் பேர் விரும்பி ஆளுக்கு 25 சென்ட் கொடுத்து ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அவர் கையில் 2.5 லட்சம் டாலர். யாரையும் ஏமாற்றவில்லையே, அதில் கைவைக்க அரசு யார்?

பசித்தவன் போடும் கையெழுத்து சுதந்திரமானதா என்று திருப்பிக் கேட்கிறது மற்ற முகாம். வேறு வேலை கிடைக்காதவனுக்கு ஏது பேரம்? 1881இலேயே ஆங்கிலேயத் தத்துவவாதி டி.எச். கிரீன் ஒப்பந்தச் சுதந்திரத்தின் எல்லையைப் பற்றிப் பேசிவிட்டார். லாக்னர் வழக்கைப் பொறுத்தவரை என் ஓட்டு இந்தப் பக்கம்தான். ஆனால் நோசிக்கின் கேள்வியை இவர்கள் பல நேரம் நழுவவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சமூக தாராளவாத முகாமின் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸைச் சோஷலிஸ்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. 1971இல் அவர் வகுத்த வரிசையில் அடிப்படைச் சுதந்திரங்கள்தான் முதலில். அடித்தட்டினருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வு கூடாது என்பதெல்லாம் அதன் பிறகுதான். வறுமையை ஒழிக்கிறேன் என்று சொல்லிப் பத்திரிகையின் வாயைக் கட்ட அவரிடம் அனுமதி கிடைக்காது. மறுபக்கம், குறைந்தபட்ச வருமானத்துக்கு அரசு உத்தரவாதம் தரலாம் என்று செவ்வியல் முகாமின் பொருளாதார அறிஞர் ஹயக்கே ஒப்புக்கொண்டவர். சொத்துரிமையில்தான் உண்மையான பிளவு. நோசிக்குக்கு அது அசைக்க முடியாத உரிமை. ரால்ஸின் அடிப்படைச் சுதந்திரப் பட்டியலில் சொந்த உடைமைகளுக்கு இடமுண்டு, ஆலைகளுக்கு இல்லை.