ஆமை நடையா, வாசித்துக் காட்டுவதா, ஒரு வார முகாமா? ஐபி பிள்ளைகளின் சேவைக்கு ஓர் அலசல்

என் மகள் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலரியட்) டிப்ளமோவை, அதாவது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான இரண்டு வருஷப் படிப்பை, முடித்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளின் பெற்றோர் என்னைப் பார்த்தால் ஹையர் லெவல் (உயர்நிலை) கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்பதில்லை. "சிஏஎஸ்ஸுக்கு என்ன செஞ்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். படைப்பு, உடலியக்கம், சேவை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் சிஏஎஸ். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் மொத்தப் பாடங்களில் 45க்கு 40 வாங்கினாலும் இதை முடிக்காத பிள்ளைக்கு டிப்ளமோ வராது. முதல் வருஷம் யாரும் இதைக் கண்டுகொள்ளாததும், இரண்டாம் வருஷம் எல்லோரும் அலறுவதும் இதனால்தான்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 18 மாதம், கூடியவரை வாராவாரம், மூன்று பிரிவிலும் ஓரளவு சமமாக ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குள் குறைந்தது ஒரு மாதம் நீளும் கூட்டுத் திட்டம் ஒன்று. ஐபி சொல்லும் ஏழு கற்றல் விளைவுகளுக்கும் போர்ட்ஃபோலியோவில், அதாவது பிள்ளை தொகுத்து வைக்கும் பதிவேட்டில், ஆதாரம். பள்ளியின் சிஏஎஸ் ஒருங்கிணைப்பாளருடன் மூன்று முறை உட்கார்ந்து பேச்சு. பழைய ஆட்கள் இன்னமும் 150 மணி நேரம் என்பார்கள். இப்போதைய வழிகாட்டியில் மணிக்கணக்கே இல்லை, தொடர்ச்சிதான் கணக்கு. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் நான் மூன்று வழிகளையும் எடை போடப் போகிறேன்.

படைப்பும் உடலியக்கமும் நம் சென்னையில் பெரிய தலைவலி இல்லை. பாதிப் பிள்ளைகள் ஆறு வயதிலிருந்தே பாட்டு, பரதம், கீபோர்டு என்று ஏதாவது ஒரு கிளாஸில் இருக்கிறார்கள். அதையே தொடரலாம், புதிதாக ஓர் இலக்கு இருந்தால் போதும். என் மகள் வயலினை விடவில்லை. மார்கழியில் எங்கள் அடுக்குமாடியில் திருப்பாவை பாடுகிறவர்களுக்கு முதல்முறையாகப் பக்கவாத்தியம் வாசிப்பது என்று இலக்கு வைத்துக்கொண்டாள். ஓவியத்தையோ நாடகத்தையோ டிப்ளமோ பாடமாகவே எடுத்திருக்கும் பிள்ளைகள் மட்டும் கவனிக்க வேண்டும், பாடத்துக்குக் கொடுத்த வேலையைச் சிஏஎஸ்ஸிலும் காட்ட முடியாது. உடலியக்கத்துக்குச் சிலம்பம், நீச்சல், எலியட்ஸ் கடற்கரையில் காலை ஓட்டம், எது பிடிக்குமோ அது. குழப்பமெல்லாம் சேவையில்தான்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, காசு கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் ஒரு வார முகாம். ஏதாவது ஒரு மலைக் கிராமத்துக்கு அழைத்துப் போவார்கள், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கச் சொல்வார்கள், மரக்கன்று நடச் சொல்வார்கள், கடைசி நாளில் சான்றிதழ் தருவார்கள். நாங்கள் போகவில்லை, போய்வந்த பிள்ளைகளின் பெற்றோர் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் சந்தோஷமாகப் போய்வந்தார்கள், வீட்டை விட்டு இருக்கப் பழகினார்கள், அது நல்லதுதான். விமானக் கட்டணத்தையும் சேர்த்தால் ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலை. சரி, அந்த ஒரு வாரம் போக மீதி 18 மாதத்துக்கு என்ன செய்வது? சுவருக்கு வண்ணம் வேண்டுமா என்று அந்த ஊரில் யாராவது கேட்டார்களா என்பது இன்னொரு கேள்வி. சிஏஎஸ் கூட்டுத் திட்டத்துக்கு ஐபி சொல்லும் ஐந்து கட்டங்களில் முதல் கட்டமே தேவையை விசாரித்து அறிவது. முகாமில் அந்த வேலையை வேறு யாரோ முன்பே முடித்து வைத்திருப்பார்கள்.

இரண்டாவது ஆமை நடை. இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை உள்ள மணலில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 1988 முதல் இரவு இரவாக அந்தக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் வைத்துக் காத்துவருகிறது. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். குஞ்சு வெளிவர ஏறக்குறைய 45 நாள். மகள் முதல் வருஷ சீசனில் சில இரவுகள் போனாள், அவள் அப்பா கூடவே நடந்தார்.

ஆமையைப் பார்த்தால்தான் அதிர்ஷ்டம் என்று நினைத்துப் போகிறோம். ஆனால் அந்த நடையில் பிள்ளைகள் உண்மையில் கற்றுக்கொள்வது செத்த ஆமையைப் பதிவு செய்வதை. ஓட்டின் நீளத்தை அளந்து, ஆணா பெண்ணா பார்த்து, இடத்தைக் குறித்து, திரும்பவும் எண்ணிவிடாதபடி அடையாளம் வைக்க வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். இழுவலையில் மாட்டி, மூச்சுவிட மேலே வர முடியாமல் இறப்பவைதான் அதிகம். கடற்கரை விளக்குகளைக் கடல் என்று நினைத்துச் சாலைப் பக்கம் ஊர்ந்து போகும் குஞ்சுகள் வேறு. ஆக, இதில் நேரடிச் சேவை இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, விளக்கை அணைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்யவும் இடம் இருக்கிறது. உள்ளடக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, நாங்கள் எடுத்தது. பார்வையற்ற கல்லூரி மாணவிகள் தங்கியிருக்கும் ஒரு விடுதிக்கு வாராவாரம் போய்ப் பாடம் வாசித்துக் காட்டுவது.

இப்போதுதான் போனே எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறதே, ஆள் எதற்கு என்று நானும் கேட்டேன். போன் படிக்கும், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறையில் இருந்தால். மாணவிகளுக்கு வருவதோ சீனியர் கையால் எழுதிய நோட்டின் ஜெராக்ஸ், அல்லது பேராசிரியர் பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பிய கோப்பு. ஜெராக்ஸ் போனுக்கு வெறும் படம். பாமினிக் கோப்பைத் திறந்தால் போன் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும். இவற்றுக்குத்தான் ஒரு குரல் தேவைப்படுகிறது.

மகளுக்கு அமைந்தது பி.ஏ. வரலாறு படிக்கும் ஓர் அக்கா. முதல் நாள் நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னாள். நம் பிள்ளைக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி பிரெஞ்சு, தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "பாளையக்காரர்" வருமிடத்தில் திக்கி நின்றிருக்கிறாள். அக்கா சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் வேகமா படி. நாங்க போன்லயே ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேப்போம்" என்றாராம். சேவை செய்யப் போனவளுக்கு அங்கேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் முதல் பாடத்தை முன்கூட்டியே வாங்கி, வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். ஏழு விளைவுகளில் ஒன்று, சவாலை ஏற்றுப் புதுத் திறனை வளர்த்துக்கொண்டதைக் காட்டுவது. அதற்கு நாங்கள் தனியாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு முறை பாடத்தில் "வரைபடத்தைக் காண்க" என்று வந்துவிட்டது. ஐரோப்பிய வணிகக் குடியிருப்புகளின் வரைபடம். வாயால் சொல்லிப் பார்த்தும் சரிவராமல், அக்கா தன் உள்ளங்கையை நீட்டியிருக்கிறார். நடுவிரல் நுனி பழவேற்காடு, டச்சுக்காரர். அதற்குக் கீழே சென்னை, ஆங்கிலேயர். உள்ளங்கை நடுவில் புதுச்சேரி, பிரெஞ்சு. மணிக்கட்டுக்கு மேலே தரங்கம்பாடி, டேனிஷ்காரர். அதன்பின் வரைபடம் எது வந்தாலும் இதே முறைதான். இதைப் போர்ட்ஃபோலியோவில் எழுதியபோது ஒருங்கிணைப்பாளர் அதைப் பற்றி மட்டுமே நிறைய நேரம் பேசினாராம். போட்டோ எதுவும் வைக்கவில்லை. தான் எப்படி எடுக்கப்படுகிறோம் என்று பார்க்க முடியாதவரைப் படமெடுத்துப் போடுவது அழகில்லை. அக்காவிடம் கேட்டு, வாசிப்பின் குரல் பதிவை வைத்தாள். சிந்தனைக் குறிப்புகளையும் வீடு திரும்பும் பஸ்ஸிலேயே குரலாகப் பதிந்துகொண்டாள். எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐபி கேட்பதில்லை.

இனி நான் முதலில் சொன்ன தொடர்ச்சி. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். டிப்ளமோ ஆகஸ்டில் தொடங்குகிறது என்றால் 18 மாதம் இரண்டாம் வருஷ ஜனவரி வரை ஓடும். அதற்குள் நம் வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை வந்துபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்த வாரம் பள்ளிக்கு விடுமுறை, எந்தச் சாலையில் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வெளியே போய்ச் செய்யும் எந்தச் சேவையும் அப்போது நின்றுவிடும்.

ஆமைக்கு வருவோம். முதல் வருஷ ஜனவரி வரை ஆமையே கிடையாது, ஐந்து மாதம் போச்சு. ஜனவரியிலிருந்து மூன்று, நான்கு மாதம் பிரமாதம். அப்புறம் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மாக் (மாதிரி) தேர்வு வந்துவிடும், ஏப்ரல் கடைசியில் இறுதித் தேர்வு தொடங்கிவிடும். ஆக, கைக்குக் கிடைப்பது உருப்படியாக ஒரே சீசன். நடை நள்ளிரவில் தொடங்கி விடியும் வரை போகும் என்பதால் பெற்றோரில் ஒருவர் தூக்கத்தை விட்டுவிட வேண்டும், மறுநாள் பிள்ளையும் மதியம் வரை எழுந்திருக்காது.

இதைவிட மோசமான காலம் இரண்டாம் வருஷ செப்டம்பர் முதல் நவம்பர் வரை. 4,000 சொல் வரை போகும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்ற ஆய்வுக் கட்டுரை, ஒவ்வொரு பாடத்துக்கும் பள்ளியிலேயே மதிப்பிடும் இன்டர்னல் அசெஸ்மென்ட், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கடைசித் தேதி அக்டோபர் 15, அமெரிக்காவில் முன்கூட்டியே விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1. எல்லாப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவிலும் ஓட்டை விழுவது இங்கேதான். மழையும் அதே மாதங்களில்.

வாசிப்பு இதைத் தாங்கியது. அதற்குக் காரணம் எங்கள் மகளின் மன உறுதி என்று சொல்ல மாட்டேன், அந்த வேலையின் அமைப்பு அப்படி. போக முடியாத வாரம் வீட்டிலிருந்தே போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அக்கா ஊருக்குப் போயிருக்கும் மே, ஜூனில் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்க்கும் வேலை இருந்தது. எழுத்துரு மாற்றும் கருவி அநேகமாகச் சரியாக மாற்றிவிடும், ஆங்காங்கே கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், அதை மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். இதையே வகுப்புத் தோழர்கள் சிலருடன் சேர்ந்து கூட்டுத் திட்டமாகவும் செய்தாள். ஒரு செமஸ்டர் நோட்டு முழுவதையும் பங்கு போட்டு மாற்றினார்கள்.

போக்குவரத்தும் முக்கியம். எங்கள் வீடு பெசன்ட் நகர், விடுதி 29சி பஸ் போகும் வழியில். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குப் பயணம் இலவசம். முதல் சில வாரம் நான் கூடப் போனேன், பிறகு அவளே போய்வந்தாள். அப்பா, அம்மா கார் எடுத்தால்தான் நடக்கும் சேவை, அப்பாவின் ஆபீஸ் வேலை கூடும் மாதத்தில் நின்றுவிடும். தேர்ந்தெடுக்கும் முன் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை தனியாகப் போய்வர முடியுமா?

எங்களுடையது ஒரே பிள்ளையின் அனுபவம், அதுவும் பெண்கள் விடுதி. பையன்களுக்கு வேறு விடுதி பார்க்க வேண்டும். பொறுப்பாளர் மேற்பார்வையாளராகக் கையெழுத்திட ஒப்புக்கொள்கிறாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள், சில இடங்களில் பள்ளியின் கடிதம் கேட்பார்கள். உங்கள் பள்ளி ஒருங்கிணைப்பாளர் எதை வலியுறுத்துவார் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். கடலில் நிஜமான ஆர்வம் உள்ள பிள்ளையை ஆமையிடமிருந்து பிரிக்கச் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தைக் கூட்டுத் திட்டமாக வைத்துக்கொள்ளலாம், மீதி மாதங்களுக்கு வீட்டருகே வேறு ஒன்று இருக்கட்டும்.

வாசிப்பை எடுப்பவர்கள் ஒன்றைத் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும். ஐபி இறுதித் தேர்வும் கல்லூரி செமஸ்டர் தேர்வும் ஏப்ரல், மே என்று ஒரே நேரத்தில் வருகின்றன. அதாவது அக்காவுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் நம் பிள்ளையால் போக முடியாது. அதனால் டிசம்பரிலேயே பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூட்டிப் போய், இரண்டு பேரும் மாறி மாறி வாசித்துப் பழக வேண்டும். மகள் அப்படிக் கூட்டிப் போன பெண்ணுக்கும் இரண்டாம் மொழி பிரெஞ்சுதான். முதல் நாள் அக்கா அவளிடமும் வேகம் போதாது என்றாராம்.